அக்கா பேரில் எழுதின மெயில்கள்

பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டில் நான் இருந்த கம்பெனியை மூடினபோது, எனக்குத் தெரிந்த வேலை என்று ஒன்றுதான் இருந்தது. ஆபீஸ் கடிதம் எழுதுவது. சரக்கு கிடைத்தது, சரக்கு கிடைக்கவில்லை, தாமதத்துக்கு வருந்துகிறோம் என்று பல வருஷமாக மூன்று மொழியில் எழுதிக்கொண்டிருந்தவன். அதன் பிறகு கொழிஞ்சாம்பாறையில் வீட்டோடு கிடந்தேன். அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள், நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பொள்ளாச்சி பஸ் போகிற சத்தத்தை வைத்துத்தான் மணி என்ன என்று தெரியும்.

அப்போதுதான் கூட வேலை பார்த்த ஒருவர் மூலமாக, மறையூருக்கு மேலே மலையில் இருக்கிற காந்தலூரிலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். பழத்தோட்டமும், அதற்குள்ளேயே வெளியூர்க்காரர்கள் தங்கச் சில அறைகளும் வைத்திருந்தார். வந்து போனவர்களின் மெயில் விலாசம் எல்லாம் இருக்கிறது, சீசனுக்குச் சீசன் அவர்களுக்குத் தமிழில் எழுதி அனுப்ப ஆள் வேண்டும், வீட்டிலிருந்தே செய்யலாம் என்றார். உடனே சரி என்றேன்.

முதல் மெயிலை எழுதி, அனுப்புவதற்கு முன் போனில் வாசித்துக் காட்டினேன். 'மதிப்பிற்குரிய வாடிக்கையாளர் அவர்களுக்கு, வணக்கம். எமது தோட்டத்தில் பிளம்ஸ் பருவம் துவங்கியுள்ளது என்பதைத் தங்களுக்கு மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.'

அந்த அம்மா பாதியிலேயே நிறுத்தினார்.

"என்னப்பா இது, வில்லேஜ் ஆபீசுக்குக் கொடுக்கிற அபேட்சை மனு மாதிரி இருக்கு? பழம் திங்க வாங்கன்னு கூப்பிடுறேன். பட்டா கேட்டா எழுதுறேன்?"

"இல்லீங்க, வியாபாரம்னா ஒரு மரியாதை வேணுமில்லீங்களா?"

"மரியாதை வேற, வெறப்பு வேறப்பா. இங்க வந்துட்டுப் போனவுக எல்லாரும் என்னைய அக்கான்னுதான் கூப்பிடுறாக. அக்கா எழுதுனா எப்படி இருக்குமோ அப்படி எழுது."

எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளின குடும்பத்தில் பிறந்தவர் அவர். தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து மலையேறின பேச்சு அப்படியே நாக்கில் இருந்தது. எனக்கோ வாயைத் திறந்தால் 'ஏனுங்க'தான் வரும். அதனால் தினமும் ஏதாவது சாக்கு வைத்து அவருக்குப் போன் செய்து, பேசுகிற விதத்தைக் கேட்டுக்கொண்டேன். பிறகு எழுதினேன்: 'என்ன, சௌக்கியமா இருக்கீகளா? பிளம்ஸ் பழுத்துக் கொப்பு தாங்கல. நீங்க வராம இதையெல்லாம் யாரு திங்கிறதாம்? இப்படிக்கு, அக்கா.'

அதற்குப் பதில்கள் வந்தன. கம்பெனிக் கடிதங்களுக்கும் பதில் வரும், ஆனால் இப்படி வராது. மகளுக்குப் பரீட்சை முடியட்டும் அக்கா என்று ஒருவர். கால் ஒடிந்து கட்டுப் போட்டிருக்கிறது, அடுத்த சீசன் பார்க்கலாம் என்று ஒருவர். ஒரு பெண், அக்கா சொல்லிக்கொடுத்த மாதிரியே பூண்டு ஊறுகாய் போட்டதாகப் படம் அனுப்பியிருந்தாள். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை படிப்பேன். எதுவும் எனக்கு வந்ததில்லை என்று தெரியும். இருந்தாலும் காலையில் எழுந்ததும் முதலில் அதைத்தான் திறந்து பார்ப்பேன்.

இந்தப் பேச்சு நடைக்கும் ஓர் எல்லை இருக்கிறது என்று சீக்கிரமே தெரிந்துகொண்டேன். ஓணம் லீவுக்கு முன்னால் உற்சாகத்தில், 'புக்கிங் எல்லாம் எதுக்கு, சும்மா கெளம்பி வாங்க' என்று எழுதிவிட்டேன். மதுரையிலிருந்து ஒரு குடும்பம் அதை அப்படியே நம்பி, குழந்தை குட்டியோடு வந்து இறங்கிவிட்டது. அறை எதுவும் காலியில்லை. அக்கா தன்னுடைய அறையை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு அடுப்படியில் பாய் விரித்துப் படுத்தார். மறுநாள் போனில், "கூப்பிடுறதை அக்கா மாதிரிக் கூப்பிடு. ரூம் கணக்கை மட்டும் ஆபீஸ் மாதிரியே எழுதிரு" என்று சிரித்தார். அன்றிலிருந்து வாடகை, முன்பதிவு, சின்னார் காட்டு ரோட்டில் யானை நின்றால் வண்டியை எங்கே நிறுத்த வேண்டும் என்பதையெல்லாம் அடியில் தனியாக, முழு வாக்கியத்தில் எழுதினேன்.

அதற்கு அடுத்த சீசனில், வெகுநாளாக வராதவர்களுக்கென்று தனியாக ஒரு மெயில் போட்டோம். முன்பு ஜோடியாக வந்து போனவர்களுக்கு, 'உங்க ரெண்டு பேரையும் காணோமே, அக்கா மேல கோவமா?' என்று தொடங்கும் மெயில்.

திருப்பூரிலிருந்து பதில் வந்தது. பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். 'கோவமெல்லாம் இல்லீங்க அக்கா. மாசியில அவ போயிட்டா. ரெண்டு பேரையும் கேட்டிருந்தீங்க, அதனால சொல்றேன்.'

நான் அந்த வரியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 'தங்கள் துணைவியாரின் மறைவுச் செய்தி அறிந்து ஆழ்ந்த துயரமடைந்தோம்' என்று எழுதினேன். சுவரொட்டி மாதிரி இருந்தது. அழித்துவிட்டு, அக்கா நடையில் எழுதிப் பார்த்தேன். பழம் விற்கிற அதே குரல் கேட்டது. அதையும் அழித்துவிட்டு அக்காவுக்கே போன் செய்தேன். விஷயத்தைக் கேட்டதும், "ஐயோ" என்றார்.

"என்னங்க எழுதட்டும்?"

"இப்ப என்ன சொன்னேன்? ஐயோன்னேன். அதையே எழுது. பெறகு, எப்ப வேணும்னாலும் வாங்க, ஒத்தையில வந்தாலும் உங்க ரூம்தான்னு போடு. வேற எதுவும் வேணாம்."

அப்படியே எழுதினேன். அதன் பிறகு திருப்பூர்க்காரர் எல்லா மெயிலுக்கும் பதில் போட ஆரம்பித்தார். ரசத்தில் உப்பு கூடிவிட்டது, மகன் பெங்களூருக்குக் கூப்பிடுகிறான், போக மனசில்லை. நானும் விடாமல் எழுதினேன். காந்தலூரில் பனி இறங்கினால், பன்றி வந்து பீன்ஸை மிதித்தால், அக்காவிடம் கேட்டு அன்றே எழுதிவிடுவேன். இங்கே வெயிலில் ஓடு காய்ந்துகொண்டிருக்கும். நான் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து, 'கம்பளியப் போத்திக்கிட்டுத்தான் இதை எழுதுறேன்' என்று தட்டிக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் அவர், இன்றைக்கு அவளுடைய பிறந்தநாள், பாயசம் வைத்தேன், கூட உட்கார்ந்து குடிக்க ஆள் இல்லை என்று எழுதியிருந்தார். நான் யோசிக்காமல், 'நானும் இன்னைக்குத் தனியாத்தான் சாப்பிட்டேன். தட்டைக் கழுவி வச்சா வேலை முடிஞ்சுது' என்று பதில் போட்டுவிட்டேன். அனுப்பின பிறகுதான் உறைத்தது. அக்கா வீட்டில் மகன், மருமகள், பேரப்பிள்ளைகள், வேலையாட்கள் எல்லாருமாக ஒரே பந்தி. தனியாகச் சாப்பிட்டது நான்தான்.

அந்த மழைக்காலம் முடிந்ததும் திருப்பூர்க்காரர் காந்தலூருக்குப் புறப்பட்டார். மெயிலில் போடப் புதுப் படங்கள் எடுக்க வேண்டும் என்று அக்கா என்னையும் அதே சமயத்தில் வரச் சொல்லியிருந்தார். பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் என்று பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தேன். அவர் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, மடியில் மடித்து வைத்த ஸ்வெட்டர். நான் கேமராவோடு மரங்களுக்கிடையில் நின்றேன்.

அக்கா காபி கொண்டுவந்து கொடுத்தபோது அவர் மெதுவாகக் கேட்டார்.

"தப்பா நினைச்சுக்காதீங்க அக்கா. இத்தனை பேர் ஊட்டுல இருக்கறாங்க. அன்னைக்கு எதுக்குங்க தனியாச் சாப்பிட்டீங்க?"

அக்காவுக்குப் புரியவில்லை. பிறகு தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். நான் பிளம்ஸ் கொப்பைச் சரிசெய்கிற மாதிரி நின்றேன்.

"சார், எனக்குப் பொய் சொல்ல வராது" என்றார். "நான் சொல்றதை இந்தத் தம்பிதான் எழுதும். அன்னைக்கு எழுதுனது நான் சொன்னதில்ல, அதுவா எழுதுனது."

அவர் எழுந்து நின்றுவிட்டார். "அப்படீங்களா. எந்த ஊருங்க?"

"கொழிஞ்சாம்பாறைங்க."

"அட, நம்ம பக்கம்தானுங்க" என்று கையை நீட்டினார். கைகொடுத்தோம். ரசத்தைப் பற்றியும் பாயசத்தைப் பற்றியும் அத்தனை எழுதின இரண்டு பேருக்கும் அதற்கு மேல் பேச ஒன்றும் கிடைக்கவில்லை. பஸ் வசதி எப்படி என்று கேட்டார், சொன்னேன். அறைக்குப் போய்விட்டார். அவர் கோபப்பட்டதாகத் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் பேச்சு வளர்ந்திருந்தால் இரண்டு பேரில் யாராவது அழுதிருப்போமோ என்னவோ.

அக்கா அன்று சாயங்காலம் என்னைக் கூப்பிட்டுப் பந்தியில் தன் பக்கத்தில் உட்காரவைத்தார். "சொல்லியிருக்கலாம்லப்பா" என்று மட்டும் சொல்லி, கேட்காமலே இன்னொரு கரண்டி சோறு வைத்தார். அங்கே எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். எனக்குத்தான் சாப்பிடும்போது பேசிப் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

நான் வீடு திரும்பின வாரத்தில் திருப்பூர்க்காரருடைய மெயில் வந்தது. 'மதிப்பிற்குரிய ஐயா, காந்தலூரில் தங்கியிருந்த நாட்கள் மனநிறைவாக அமைந்தன. தங்கள் எழுத்துப் பணி சிறக்க வாழ்த்துகள்.' ஒரு பிழை இல்லை. கம்பெனியில் நான் எழுதியிருந்தால் மேலதிகாரி மாற்றாமல் கையெழுத்துப் போட்டிருப்பார்.

அதற்கு முதல்முறையாக என் பேச்சிலேயே பதில் எழுதினேன். 'ஏனுங்க, திருப்பூர்ல மழை உண்டுங்களா? இங்க ஒரு பொட்டு இல்லீங்க. சாப்பாடெல்லாம் நேரத்துக்கு ஆகுதுங்களா?' கீழே என் பெயரைப் போட்டேன். பதில் இல்லை. அடுத்து அனுப்பின சீசன் மெயிலுக்கும் இல்லை.

சில வாரம் கழித்து அக்கா போனில் சொன்னார். "திருப்பூர் சார் இப்ப மெயில் போடுறதில்லப்பா. ஞாயித்துக்கிழமையானா நேரா எனக்கே போன் பண்ணிப் பேசுறாரு. உன்னையும் கேட்டாரு."

"என்னன்னுங்க?"

"அந்தத் தம்பி நல்லா இருக்காரான்னு."

"நல்லா இருக்கேன்னு சொல்லுங்க."

அன்றைக்கு ஆரஞ்சு வந்திருப்பதாக எழுத வேண்டியிருந்தது. எழுதி முடித்து அனுப்பினேன். பிறகு கதவைப் பூட்டிக்கொண்டு கடைவீதிக்குப் போய், டீயைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு, யாராவது பேச்சுக் கொடுக்கிறவரைக்கும் அங்கேயே நின்றேன்.