நாலாம் பெட்டின் சத்தம்

காஞ்சனா சிஸ்டர் இருபத்திரண்டு வருஷமாக இதய வார்டில்தான் குப்பை கொட்டுகிறாள். உருதும் தமிழும் கலந்து புழங்கும் மௌலா அலியில் வீடு, காலை ஏழரைக்கு டியூட்டி. இதயம் தாளம் தப்பி அடிக்கிறவர்களின் மார்பில் ஒயரை ஒட்டிவிட்டு, மானிட்டரில் ஓடும் பச்சைக் கோட்டைக் கவனிக்க வேண்டும். முகத்தை மறந்தாலும் கோட்டை மறக்க மாட்டாள்.

போன ஆவணியில் நாலாம் பெட்டுக்குத் தேவராஜ் வந்தார். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். சும்மா படுத்திருப்பது அவர் ஜாதகத்திலேயே கிடையாது. நைசாக ஒரு ஒயரைப் பிடுங்குவார். மானிட்டர் அலறும், காஞ்சனா ஓடி வருவாள்.

"கைக்கு, எதுக்கு அண்ணே இப்படிப் பண்றீங்க?"

"ஓட்டம் சரியா இருக்கான்னு செக் பண்ணேன் தங்கச்சி. ஃபிட்டர் இல்லியா?"

வார்டே சிரித்தது. அவளும் சிரித்தாள். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

மூன்றாம் நாள், ஒரே காலையில் ஐந்தாவது தடவை ஓடி வந்தபோது அவள் சிரிக்கவில்லை. நாலாம் பெட் மானிட்டரின் சத்தத்தைத் தன் விரலாலேயே அடிமட்டத்துக்குக் குறைத்தாள்.

"இப்ப கத்த விடுங்க, பார்க்கலாம்."

"நக்கோ தங்கச்சி, வேணாம், போரடிக்கும்!"

பதினோரு மணிக்கு அவள் எட்டாம் பெட்டுக்கு மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தாள். நாலாம் பெட் மெல்ல முனகியது. மறுபடியும் ஒயர்தான் என்று நினைத்தாள். தண்ணீரும் ஊற்றிக் கொடுத்துவிட்டு, நடந்து போனாள்.

ஒயர் எல்லாம் ஒட்டியபடியே இருந்தது. கோடுதான் பைத்தியம் பிடித்த மாதிரி நெளிந்துகொண்டிருந்தது. அப்புறம் அவள் கத்தினாள், மார்பை அழுத்தினாள். டாக்டர்கள் ஓடி வந்தார்கள். மூன்றாவது ஷாக்கில் அவர் திரும்பி வந்தார். முழுசாக வரவில்லை.

கார்த்திகையில் செக்கப்புக்கு அவரைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள் மனைவி அன்னக்கிளி. மனைவியின் பெயரைச் சொல்லவே அவர் கொஞ்ச நேரம் தேடினார்.

"இந்த சிஸ்டர்தாங்க ஓடி வந்து உங்களைக் காப்பாத்தினாங்க."

"ஹவ், ஹவ், ஆமா," என்றார், வேற்று மனுஷியிடம் சொல்வது போல.

மூன்று மாதமாக யாரிடமும் சொல்லாததைக் காஞ்சனா சொல்லிவிட்டாள். "நான் ஓடி வரலக்கா. சத்தத்தைக் குறைச்சு வெச்சிருந்தேன். நடந்துதான் வந்தேன்."

அன்னக்கிளி சிரித்துவிட்டாள். "பாத்தீங்களா, உங்க தமாஷ் இவங்களுக்கும் தொத்திக்கிச்சு!"

மனைவி சிரிக்கிறாளே என்று அவரும் சிரித்தார்.

காஞ்சனா அவர் மணிக்கட்டைப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்து, முழுசாக ஒரு நிமிஷம் நாடியை எண்ணினாள். இரண்டாம் தடவை சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.