வெள்ளி பத்து

ஜனவரி பதினெட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணி இருபது நிமிடம். காலையிலிருந்து விட்டுவிட்டுத் தூறல். வெயிலும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை. கொடியில் போட்ட துணி நாள் முழுக்கக் காயாத ஒரு புழுக்கம். கோல சிலாங்கூரில் எங்கள் வீட்டு முன்கூடத்தில் என் கடைசி மகள் கவிதாவும் அவள் கணவர் தினேஷும் நான்கு பெட்டிகளைத் திறந்து போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். மெல்பர்னுக்குக் குடிபோகிறார்கள். பெட்டிக்கு முப்பது கிலோ. கைப்பிடியில் கொக்கியை மாட்டித் தூக்கினால் எடை காட்டுகிற ஒரு சின்னக் கருவி அவர்களிடம் இருந்தது. ஒவ்வொரு பெட்டியையும் இரண்டு தடவை தூக்கச் சொன்னேன். மூன்றாவது பெட்டி முதல் தடவை முப்பதுக்குக் கீழே நின்றது, இரண்டாவது தடவை முப்பதைத் தாண்டியது. எது சரி என்று அங்கே யாருக்கும் கவலை இல்லை. எனக்கு மட்டும் இருந்தது.

யாரிடமெல்லாம் சொல்லிக்கொண்டீர்கள் என்று கவிதாவைக் கேட்டேன்.

"குரூப்ல போட்டாச்சுப்பா."

கைபேசியைக் காட்டினாள். ஒரு வரி, பக்கத்தில் ஒரு குட்டி விமானம். அதற்குள் முப்பத்தேழு பேர் கைகூப்பியிருந்தார்கள். வேலை முடிந்தது.

தினேஷ் யாரிடமோ பாதி விலைக்கு வாங்கிய குளிர்கோட்டு ஒன்றைப் பையிலிருந்து உருவினார். பாச்சை உருண்டை வாடை கூடம் முழுக்கப் பரவியது. சமையலறையிலிருந்து என் மனைவி சரோஜா எட்டிப் பார்த்தாள். கோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள். ஐம்பது வருடத்துக்கு மேல் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கு அவ்வளவு போதும்.

எனக்கும் அப்படி ஒரு கோட்டு இருந்தது. எழுபதுகளின் தொடக்கம். எங்களுக்குக் கல்யாணமாகி ஏழு மாதம். அசாம் ஜாவாவுக்கு உள்ளே இருந்த ஒரு தோட்டத்து மருந்தகத்தில் வேலை பார்த்தேன். ஜனங்கள் மரியாதைக்கு டிரஸ்ஸர் என்பார்கள், தோட்டத்துக்கு அவர்தான் டாக்டர் மாதிரி. உண்மையில் நான் டிரஸ்ஸருக்குக் கீழே, புண்ணைக் கழுவிக் கட்டிவிட்டு மாத்திரை எண்ணிக் கொடுக்கிறவன். எதைப் பார்த்தாலும் எண்ணுகிற இந்தச் சனியன் பிடித்த பழக்கம் அங்கே ஒட்டிக்கொண்டதுதான். கிள்ளானில் ஒரு சீனர் வைத்திருந்த பழைய சாமான் கடையில் அந்தக் கோட்டை வாங்கினேன். தகரக் கூரைக்குக் கீழே, நடுப்பகலில், அதைப் போட்டுக்கொண்டு நின்றேன். சரோஜா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"கரடி வேசம் கட்டுன மாதிரி இருக்கீங்க."

இங்கிலாந்தில் ஒரு மனநல மருத்துவமனையில் தாதியர் பயிற்சிக்கு எனக்கு இடம் கிடைத்திருந்தது. அந்த நாளில் நம் பையன்கள் பலர் அப்படிப் போனார்கள். மூன்று வருடப் படிப்பு, கையில் சம்பளம், மனைவியை அழைத்து வந்தால் தங்க ஓர் அறையும் உண்டு என்று கடிதத்தில் இருந்தது. செப்டம்பர் முதல் திங்களன்று வகுப்பு தொடங்கும். அன்றைக்கு வராதவரின் இடம் வேறொருவருக்குப் போய்விடும். போனால் இரண்டு பேரும் சேர்ந்துதான் போவது என்று சரோஜா கடிதம் வந்த அன்றே சொல்லிவிட்டாள். அதற்குக் காரணம் இருந்தது. அவளுக்கு ஒன்பது வயதானபோது அவள் அப்பா ஆறு மாதத்தில் திரும்புகிறேன் என்று சொல்லித் தன் சொந்த ஊருக்குக் கப்பலேறினார். பிறகு வரவே இல்லை. அம்மாவும் சீக்கிரம் காலமாகிவிட்டார். அவளை வளர்த்தது பெரியப்பா.

கடிதம் வந்ததும் நாங்கள் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போடவில்லை. சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொள்ளப் புறப்பட்டோம். சீமைக்குப் போகிறவன் வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொள்ளாவிட்டால் பிறகு அந்த வீட்டு நல்லது கெட்டதுக்குத் தலைகாட்ட முடியாது. ஞாயிறுதோறும் பேருந்து. புக்கிட் ரோத்தான், பத்தாங் பெர்ஜுந்தை, ரவாங். போன இடமெல்லாம் கோழி அடித்தார்கள். ஒரு ஞாயிறன்று மூன்று வீட்டில் சாப்பிட்டு, மறுநாள் மருந்தகத்தில் என் மாத்திரையை நானே எண்ணி விழுங்கினேன். புக்கிட் ரோத்தான் அத்தை ஒரு பெரிய ஜாடி நிறைய எலுமிச்சை ஊறுகாய் கொடுத்தார். அதைக் கப்பலில் கொண்டுபோவதா விமானத்தில் கொண்டுபோவதா என்று வழியெல்லாம் சரோஜாவோடு சண்டை. கம்போங் குவாந்தானில் ஒரு சித்தப்பா இருந்தார். அங்கிருந்து திரும்ப இருட்டிவிட்டது. ஆற்றங்கரை மரமெல்லாம் மின்மினி பூத்துக் கிடந்தது. நாங்கள் கொசுவை அடித்துக்கொண்டு பேருந்து வருகிறதா என்று சாலையையே பார்த்துக்கொண்டிருந்தோம். இப்போது அதைப் பார்க்கப் படகுக்குச் சீட்டு வாங்குகிறார்கள்.

இப்படி ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்ட பிறகுதான், சரோஜாவுக்குப் பிறப்புப் பத்திரமே இல்லை என்பது தெரிந்தது.

அவள் பிறந்தது அம்பாங் பெச்சாவுக்கு இந்தப் பக்கம் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில். பிறந்ததைத் தோட்டத்தில் கணக்கெழுதுகிற கிராணி பதிந்திருக்க வேண்டும். அவர் அப்போது விடுப்பில் இருந்தாராம். வந்த பிறகு அவரும் கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை. அடையாளக் கார்டு எடுக்கத் தோட்டத்துத் துரையின் கடிதம் போதுமாக இருந்தது. பாஸ்போர்ட்டுக்குப் போதவில்லை. அவள் பிறந்தபோது அந்த லயத்தில் இருந்த ஒருவர் நேரில் வந்து அதிகாரி முன் சத்தியம் செய்தால் பத்திரம் தரலாம் என்றார்கள். அப்படி மிஞ்சியிருந்தவர் பெரியப்பா ஒருவர்தான். அவர் இன்னமும் அதே தோட்டத்தில்தான் ரப்பர் பாலுக்கு மரம் வெட்டிக்கொண்டிருந்தார்.

ஒரு திங்கட்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு கோல குபு பாரு பதிவு அலுவலகத்துக்குப் போனோம். வரும் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குச் சாட்சியோடு வரச் சொன்னார்கள். தோட்டத்துக்குப் போய்ப் பெரியப்பாவிடம் நேரில் சொல்ல நேரமில்லை. மாலையில் நான் மருந்தகத்தில் இருந்தாக வேண்டும். ஆனால் நிலையத்தில் நின்ற இன்னொரு பேருந்து அந்தத் தோட்டத்து முனைக் கடை வழியாகப் போவது. நடத்துநர் மணியம் தெரிந்தவர். ஒரு நாளைக்கு நாலு நடை அந்த வழியே போய் வருகிறவர். சேதி, மருந்து, கல்யாணப் பத்திரிகை எல்லாம் அவர் கையில்தான் போகும். சரோஜா அவரிடம் சொன்னதை நான் பக்கத்தில் இருந்து கேட்டேன்.

"அண்ணே, எங்க பெரியப்பாவுக்குச் சொல்லிருங்க. வெள்ளி பத்துக்கு ஆபீசுக்கு வரணும். முக்கியம்லா, மறந்துராதீங்க."

மணியம் மறக்கவில்லை. அன்றே முனைக் கடைக்காரரிடம் சொன்னார். கடைக்காரரும் மறக்காமல் பெரியப்பாவிடம் சொன்னார்.

வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கெல்லாம் நாங்கள் அலுவலகத்து பெஞ்சில். சரோஜா கல்யாணத்துக்கு எடுத்த நீலப் புடவை கட்டியிருந்தாள். பத்தாயிற்று. பத்தரைக்குப் பெயரைக் கூப்பிட்டார்கள். சாட்சி வரவில்லை என்றேன். பதினொன்றரைக்கு மறுபடி கூப்பிட்டார்கள். பன்னிரண்டே காலுக்குத் தொழுகைக்காகக் கதவைச் சாத்தினார்கள். சத்தியம் வாங்குகிற அதிகாரி அங்கே வருவது சில நாட்கள்தான். அடுத்த முறை மூன்று வாரம் கழித்து என்று எழுதிக் கொடுத்தார்கள். பெரியப்பாவுக்கு உடம்புக்கு என்னவோ என்று சரோஜா பதறினாள். பேருந்து நிலையத்துக்கு வந்தோம். மணியத்தின் வண்டி வந்து நின்றது. இறங்கினவர் நேரே எங்களிடம் வந்து, பழைய செய்தித்தாளில் மடித்த ஒரு பொட்டலத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். முகத்தில் அவ்வளவு திருப்தி.

"பெரியப்பா குடுத்து விட்டாரு. பத்தும் சரியா இருக்கு. எண்ணிப் பாத்துக்குங்க தங்கச்சி."

ஐந்து வெள்ளித் தாள் ஒன்று, ஒரு வெள்ளித் தாள் மூன்று, மீதி சில்லறை. நான் எண்ணினேன். சரியாகத்தான் இருந்தது.

வெளியூர் ஆட்களுக்கு இது விளங்காது. நமக்குக் கிழமையும் வெள்ளி, காசும் வெள்ளி. நாங்கள் சொல்லி அனுப்பியது, வெள்ளி பத்துக்கு ஆபீசுக்கு வரணும். இரண்டு வாய் தாண்டிப் போய்ச் சேர்ந்தது, ஆபீசுக்கு வெள்ளி பத்து வேணும். சரோஜாவுக்குத்தான் முதலில் புரிந்தது. அவள் சிரிக்க ஆரம்பித்தாள். மணியமும் எதற்கென்று தெரியாமல் கூடச் சிரித்தார். பிறகு அவள் அங்கிருந்த சிமெண்டுத் திட்டில் உட்கார்ந்து, பணத்தை மடியில் வைத்துக்கொண்டு, வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. பத்து வெள்ளி என்றால் பெரியப்பாவுக்கு மூன்று நாள் கூலி. வளர்த்த வாத்துகளை விற்றாராம், குறைந்ததற்குக் கடைக்காரரிடம் கைமாற்று வாங்கினாராம்.

அடுத்த ஞாயிறு அவர் வீட்டுக்கே போனோம். பணத்தை நீட்டினேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ஆபீசுன்னா காசு கட்டத்தான் கூப்புடுவாங்க. ஆளக் கூப்புடுவாங்கன்னு யாருக்கு மாப்ள தெரியும்? புள்ள கேட்டுச்சின்னு குடுத்தது, வச்சுக்குங்க."

மூன்று வாரம் கழித்து எங்களுக்கு முன்பே அலுவலகத்துக்கு வந்து நின்றார், இரவல் வாங்கிய வெள்ளைச் சட்டையோடு. பிள்ளை பிறந்ததைக் கண்ணால் பார்த்தாயா என்று அதிகாரி மலாயில் கேட்டார். பார்க்கவில்லை, ஆண்களை உள்ளே விடமாட்டார்கள், வெந்நீருக்கு வெளியே விறகு பிளந்துகொண்டிருந்தேன், அழுகிற சத்தம் கேட்டுக் கோடரியைக் கீழே வைத்தேன் என்றார் பெரியப்பா, தனக்குத் தெரிந்த சந்தை மலாயில். அதிகாரி அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

பத்திரம் வந்தபோது ஆகஸ்ட் முடிய நான்கு நாள் இருந்தது. அவள் பாஸ்போர்ட்டுக்கு இன்னும் இருபது நாளாகும் என்றார்கள். அந்த மூன்று வாரம் மட்டும் கையில் இருந்திருந்தால் சரியாக இருந்திருக்கும். இதை எத்தனை தடவை கூட்டிக் கழித்திருப்பேன் என்பதை மட்டும் நான் எண்ணவில்லை. என் பாஸ்போர்ட் ஏற்கெனவே வந்து பெட்டியில் கிடந்தது. அன்று சோறு போட்டுக்கொண்டே சரோஜா சொன்னாள், தலையை நிமிர்த்தாமல்:

"நீங்க போங்க. நான் பின்னாடி வரேன்."

ஒருத்தர் போய் ஒருத்தர் இருப்பது வேண்டாம் என்று நீதானே சொன்னாய் என்று கேட்டேன்.

"எங்கப்பா ஆறு மாசம்னு பொய் சொன்னாரு. நீங்க மூணு வருசம்னு உண்மையச் சொல்றீங்க. அதுவே பெரிசுலா."

நான் ஒரு தாளை எடுத்து என்னென்னவோ போட்டுப் பார்த்தேன். தனியாக இருந்தால் அங்கே எனக்கு என்ன செலவாகும், அவளுக்கு மாதம் எவ்வளவு அனுப்பலாம், அவளுடைய பயணச்சீட்டுக்கு எத்தனை மாதம் சேர்க்க வேண்டும் என்றெல்லாம். கடைசியில் கணக்கு ஒத்துவரவில்லை என்றேன். எந்தக் கணக்கு என்று அவள் கேட்கவில்லை. அவளுக்காக நின்றேனா, முன்பின் தெரியாத குளிரில் தனியாகப் போய் இறங்கப் பயந்து நின்றேனா என்று இன்று கேட்டாலும் எனக்குத் தெரியாது. இரண்டும் இருந்திருக்கும்.

செப்டம்பர் முதல் திங்களன்று வழக்கம்போலப் புண் கழுவினேன். மருத்துவமனையிலிருந்து வந்த பதிலில், அடுத்த வருடம் மறுபடி எழுதச் சொல்லியிருந்தார்கள். அடுத்த வருடம் மூத்தவன் பிறந்தான். மூன்றாம் நாளே மழையில் நனைந்துகொண்டு போய் நானே பதிந்துவிட்டு வந்தேன்.

போகாமல் போனதைவிட, சொல்லிக்கொண்ட பிறகு போகாமல் இருந்ததுதான் பெரிய பாடு. சந்தைக்குப் போனால் போதும், இன்னும் போகவில்லையா என்று நாலு பேர் நிறுத்துவார்கள். எனக்குச் சீமை டிரஸ்ஸர் என்று பெயரே வந்துவிட்டது. புண்ணுக்கு மருந்து கட்ட வருகிறவன்கூட, சீமை மருந்தா என்று கேட்டுவிட்டுத்தான் காலை நீட்டுவான். புக்கிட் ரோத்தான் அத்தை ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்: ஊறுகாயைத் தின்றதுபோக ஜாடியையாவது திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அந்தச் சேதி மட்டும் ஓர் எழுத்து மாறாமல் வந்து சேர்ந்தது.

போன மாதம் கவிதாதான் கேட்டாள், போவதற்கு முன் அம்மா பிறந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று. காரில் போனோம். அம்பாங் பெச்சாவுக்கு இந்தப் பக்கம் தோட்டமும் இல்லை, முனைக் கடையும் இல்லை. சுற்றுச்சுவர் எழுப்பி, தடுப்புக் கம்பி போட்டு, உள்ளே வரிசையாக மாடி வீடுகள். காவலாளி நேப்பாளத்துப் பையன், நல்ல பிள்ளைதான். யாரைப் பார்க்க வேண்டும், வீட்டு எண் என்ன என்று கேட்டான். சரோஜா கண்ணாடியை இறக்கி, நான் இங்கே பிறந்தவள் என்று மலாயில் சொன்னாள். அவன் மறுபடி பணிவாக வீட்டு எண்ணைக் கேட்டான்.

"எட்டாம் லயம், மூணாவது காம்பரா," என்று தான் பிறந்த அறையின் எண்ணைத் தமிழில் சொன்னாள்.

அவன் கையிலிருந்த பட்டியலில் தேடினான். அவள் இங்கேதான் பிறந்தாள் என்று வந்து நின்று சொல்வதற்கு இப்போது ஒருவரும் இல்லை. பெரியப்பா போய் முப்பத்திரண்டு வருடமாகிறது. சேதி கொண்டுபோக மணியமும் இல்லை, அந்தப் பேருந்து வழியும் இல்லை. எங்கள் பின்னால் இரண்டு கார்கள் நின்றுவிட்டன. கவிதா வண்டியைத் திருப்பினாள்.

வீட்டுக்கு வந்து, போகாத அந்தப் பயணத்துக்கு ஆன செலவைக் கூட்ட வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே கூட்டினேன். கிள்ளான் கோட்டு, இரண்டு பாஸ்போர்ட், படங்கள், தடுப்பூசி, பேருந்துக் கட்டணம், விடுப்புக்குப் பிடித்த சம்பளம், திரும்பி வராத பயணச்சீட்டு முன்பணம். தொகையைச் சரோஜாவிடம் சொன்னேன். முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தாமல், "அவ்வளவுதானா?" என்றாள்.

நானூற்று ஏழு வெள்ளி அறுபது காசு.