‘ங்க’ போடாமல் எழுதிய பரீட்சை

என் வீட்டுக்காரருக்கு மில்லில் பஞ்சு பிரிக்கிற இடத்தில் வேலை. தூசி நெஞ்சில் இறங்கி, நாலு வார்த்தை பேசினால் இருமல் பிடித்துக்கொள்ளும். “இனிமேல் அந்தத் தூசிக்குள் போகவே கூடாது” என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்தச் சமயம்தான் எங்கள் ஊர்ப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர் வேலை காலியானது. சர்க்கார் தையல் பரீட்சை பாஸ் பண்ணிவிட்டு வந்தால் எனக்கே தருவதாகச் சொன்னார்கள். மருதமலை முருகன் வழிவிட்டான் என்றே நம்பினேன்.

தைப்பதற்குப் பயமில்லை. கலியாணத்துக்கு முன்பிருந்தே மிஷினில் உட்கார்ந்தவள். பயமெல்லாம் எழுத்துப் பேப்பரில்தான். நான் படித்தது அஞ்சாவது. குழந்தைக் கவுன் ஒன்றைக் காகிதத்தில் சின்னதாக வரைந்து, வெட்டித் தைக்கும் விதத்தையும் எழுத வேண்டும்.

பரீட்சைக்காக நான் போய்ச் சேர்ந்த தையல் சென்டரில் டீச்சர் என்னைவிட இளையவள். மாதிரிப் பரீட்சை வைத்து, நான் எழுதியதை எல்லார் முன்னாலும் வாசித்தாள்.

“துணியை நாலா மடிச்சுப் போட்டுக்குங்க. கழுத்தை மொதல்ல வெட்டிப்போடாதீங்க. தோள் எறக்கம் பாத்துக்கிட்டு வெட்டுங்க.”

சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று. “ஏனுங்க்கா, பரீட்சை எழுதறீங்களா, கலியாணத்துக்குக் கூப்புடறீங்களா?” என்றாள் டீச்சர்.

“பேப்பர் திருத்தறவங்க பெரிய படிப்புப் படிச்சவங்க. அவங்களைப் போயி ‘வெட்டு, மடி’ன்னு எப்படிங்க டீச்சர் எழுதறது?”

“யாரையும் பாத்துச் சொல்லாதீங்க. ‘வெட்ட வேண்டும், மடிக்க வேண்டும்’னு எழுதுங்க. ‘ங்க’ வந்தா மார்க்குப் போயிருமுங்க்கா.”

அன்றிலிருந்து சாயங்காலம் விளக்கு வைத்துக் கும்பிட்டதும் எழுதிப் பார்க்க உட்காருவேன். அவர் எதிரில் இருந்து கேட்பார். அவரிடம் வாயால் சொன்னால் கவுனுக்குக் கை வைத்துத் தைப்பது வரைக்கும் தடையில்லாமல் வரும். எழுதும்போது ‘வேண்டும்’ என்று முடித்த உடனே அடுத்தது என்னவென்றே தெரியாமல் போய்விடும். எதிரில் ஆள் இல்லாத வீட்டில் பேசுகிற மாதிரி இருக்கும்.

“எனக்கே கவுன் தைக்க வந்துருச்சு அம்மிணி. உம் பேனாவுக்குத்தான் வரல” என்று சிரித்தார். சிரிப்பு இருமலாகிவிட்டது. தண்ணி கொடுத்துவிட்டு அழித்து அழித்து எழுதினேன்.

பரீட்சையில், வளைந்த கழுத்துக்குக் குறுக்காக வெட்டிய பட்டியை ஏன் வைக்கிறோம் என்று கேட்டிருந்தார்கள். தெரியாதா எனக்கு? ‘நேராக வெட்டினது வளையாதுங்க, சுருக்கம் விழுந்துபோகுமுங்க’ என்று கை தானாக எழுதிவிட்டது. பதறிப்போய் அடித்தேன். ‘பட்டி வைக்க வேண்டும்’ என்று எழுதினேன். ஏன் என்பது அந்த வரியில் வரவே இல்லை. இப்படியே மற்றக் கேள்விகளிலும் அடித்துக்கொண்டு இருக்கும்போதே மணி அடித்துவிட்டது.

தையலில் பாஸ். எழுத்தில் பெயில். பள்ளிக்கூட வேலை பல்லடத்திலிருந்து வந்த ஒரு பெண்ணுக்குப் போயிற்று.

“அடுத்த வருசம் எழுதிக்கலாம் அம்மிணி” என்றார் அவர். அந்தத் திங்கட்கிழமையே, போட்டிருந்த லீவை முடித்துக்கொண்டு, துண்டை மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு மில்லுக்குக் கிளம்பிவிட்டார். நான் தடுக்கவில்லை. வேறு வருமானம் ஏது?

சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றேன். அவரைக் காப்பாற்று என்று கேட்கத்தான் போனேன். பரீட்சைக்கு முன்னாலும் அதைத்தானே கேட்டேன் என்று தோன்றியது. ஒன்றும் கேட்காமல், இருமல் சத்தம் தெருமுனை திரும்பும் வரைக்கும் அப்படியே நின்றுகொண்டிருந்தேன்.