அழகேசன் கையில் அட்டைச் சாவி

கரையான்சாவடி கார் ஷோரூமின் சேல்ஸ் மேனேஜர் அழகேசனுக்குக் கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது. சிகரெட்டைத் தொடமாட்டார். பொய்கூட மாதக் கடைசியில் மட்டும்தான். வயிற்றெரிச்சல் ஒன்றைத்தான் அவரால் விட முடியவில்லை.

ஒரு காலத்தில் அவரும் திருவேற்காட்டிலிருந்து ஷேர் வேனில் தொங்கிக்கொண்டு வந்து, வெயிலில் நோட்டீஸ் கொடுத்தவர்தான். அப்போது ஷோரூமுக்குள் நுழைகிறவர்கள் முதலில் கேட்பதே "அழகேசன் இல்லியா?" என்றுதான். மேனேஜராகிக் கண்ணாடி அறைக்குள் போனார். அந்தக் கேள்வி நின்றுபோனது. இப்போது வருகிறவர்கள், "ஜீனத் பொண்ணு வந்துகீதா?" என்கிறார்கள். கண்ணாடி அறைக்குள் அது நன்றாகவே கேட்கும்.

ஜீனத் பூந்தமல்லிக்காரி. வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. வண்டி வாங்கியவர்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை மேனேஜரைத் தாண்டி அவள் மேஜைக்குப் போகிறது. அதையும் பொறுத்துக்கொண்டார். டெலிவரி போட்டோதான் அவரைக் கொன்றது.

புது வண்டியைப் போர்த்திய பட்டுத் துணியை விலக்கி, மணியடித்து, பெரிய அட்டைச் சாவி ஒன்றைக் குடும்பத்தின் கையில் கொடுப்பது அங்கே வழக்கம். வண்டியை விற்றவர்தான் கொடுப்பார். உடனே ஒரு போட்டோ. அது சொந்தக்காரர்களின் குரூப்பெல்லாம் சுற்றும். சுற்றிய போட்டோவிலெல்லாம் ஜீனத்தே சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் காலைக் கூட்டத்தில் அழகேசன் அறிவித்தார். "இனிமே சாவிய நான்தான் தருவேன். கம்பெனிக்குன்னு ஒரு முகம் வேணும் இல்ல?"

"இந்த முகத்தையா? கம்பெனி தாங்குமா மச்சான்?" என்று பின்வரிசையில் இன்னொரு சேல்ஸ்மேன் மோகன் பக்கத்து ஆளிடம் முணுமுணுத்தான்.

வயிற்றெரிச்சல் மேலிருந்து கீழே இறங்கியது. முன்பெல்லாம் ஜீனத்தைத் தேடி வருகிறவர்களை மோகன் ஜூஸ் கொடுத்து உட்கார வைப்பான். இப்போது, "அவங்க லீவு சார், வாங்க நான் காட்டறேன்" என்றான். பதிலுக்கு ஜீனத் டெஸ்ட் டிரைவ் வண்டியின் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு சாப்பிடப் போனாள்.

ஆவணி வெள்ளிக்கிழமை நான்கு டெலிவரி. பத்தரைக்கு ராகு காலம். நான்கு குடும்பமும் அதற்குள் வண்டியை எடுத்தாக வேண்டும். அழகேசனோ முதல் வண்டிக்கே கூலிங் கிளாஸோடு ஒரு போட்டோ, இல்லாமல் ஒரு போட்டோ என்று நின்றார். இரண்டாவதற்கு நடுவில் அறைக்குப் போய்த் தலைவாரிக்கொண்டு வந்தார்.

மூன்றாவது மோகன் விற்றது. நான்காவது ஜீனத் விற்றது. நெமிலிச்சேரி லோகநாதன் குடும்பத்தின் முதல் கார்.

"இன்னாம்மா, எங்க வண்டி இன்னும் போத்திகினு தூங்குது?" என்றார் லோகநாதன்.

"சார் கையாலதான் சாவி தரணும் அண்ணே. ரூல்" என்றாள் ஜீனத்.

மோகன் டீயை உறிஞ்சினான். "ஆமா அண்ணாத்தே. கம்பெனிக்கு ஒரே முகம். அது இப்ப பிஸியா கீது."

எலுமிச்சம்பழத் தட்டோடு உட்கார்ந்திருந்த லோகநாதனின் மனைவி எல்லம்மா எழுந்தாள். "ராகு காலத்துல நான் வண்டில கால் வெக்க மாட்டேன். கேன்சல் பண்ணு. ஆவடில வேற கடையே இல்லியா?"

கேன்சல் என்ற சொல் காதில் விழுந்ததும் அழகேசன் அட்டைச் சாவியோடு ஓடிவந்தார். "அம்மா, இந்தாங்க சாவி!"

"நீ யாருப்பா?"

"மேனேஜர்மா."

"இருந்துட்டுப் போ. எனக்கு ஜீனத்துதான் தெரியும். அது குடுத்தா எடுத்துகினு போறேன்."

அழகேசன் கடிகாரத்தைப் பார்த்தார். சாவியை ஜீனத்திடம் நீட்டினார். ஆனால் பிடியை விடவில்லை.

"விடுங்க சார், கிழியப்போவுது."

விட்டார். மோகன் டீயை வைத்துவிட்டு ஓடிப்போய் டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தான். ஜீனத் கொடுத்த கையோடு அட்டைச் சாவியைத் திரும்ப வாங்கி மோகனிடம் தள்ளினாள்: "சீக்கிரம், உன் ஆளுங்க நிக்கறாங்க." இரண்டு வண்டியும் நல்ல நேரத்திலேயே வாசலைத் தாண்டின.

அதற்கு முன்னால், போட்டோ எடுக்க ஆள் இல்லாமல் லோகநாதன் தன் போனை அழகேசன் கையில்தான் திணித்திருந்தார். "நைனா, ஒண்ணு புடி."

சாயங்காலம் அந்தப் போட்டோ ஷோரூம் குரூப்புக்கு வந்தது. வண்டியின் பளபளத்த கறுப்புக் கதவில், போனைப் பிடித்துக் குனிந்து நிற்கும் ஓர் உருவம் கண்ணாடியில்போலப் பிரதிபலித்தது. அழகேசன் அதைப் பெரிதாக்கினார். ஜீனத் மறையும் வரை பெரிதாக்கினார். அதையே புரொஃபைல் படமாக வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை ரூல் மாறியது. "சாவிய நீங்களே குடுங்க. போட்டோ மட்டும் நான் எடுக்கறேன்."

இன்றுவரை அவரே எடுக்கிறார். வெள்ளை வண்டி டெலிவரி என்றால் மட்டும் அவருக்கு வேறு அவசர வேலை வந்துவிடும்.