வலிக்காமல் குத்தும் ஞானபாய்

எங்கள் வீட்டுக்காரர் பெயரை நான் சொல்ல மாட்டேன். சாலைக் கடைத்தெருவில் பெருங்காயக் கடைப் பலகையில் பெரிதாக எழுதியிருக்கிறது, வேண்டுமென்றால் போய்ப் படித்துக்கொள்ளுங்கள். ஆறடி உயரம், முறுக்கு மீசை. கடையில் நின்று அதட்டினால் தெருவே திரும்பிப் பார்க்கும். அந்த மனுஷன் ஊசியைக் கண்டால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவார். நான் ஞானபாயைப் பற்றிச் சொல்லத்தான் வந்தேன். ஆனால் இவரை விட்டுவிட்டு அவளைச் சொல்ல முடியாது.

ஐம்பத்திரண்டாம் வருஷம் இவருக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்தது. வலது கால் பெருவிரலில் செருப்புக் கடித்த புண், மூன்று மாதமாக ஆறாமல் கிடந்தது. டாக்டர் ஒரு மலையாளி, பாதித் தமிழில்தான் பேசுவார். "தினம் ரெண்டு நேரம் இன்சுலின் குத்தணும். ஒரு நாளும் முடக்கக் கூடாது. இல்லெங்கில் விரல் போகும், பின்னே பாதம் போகும்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

முதலில் வந்தவர் கம்பவுண்டர் பிச்சுமணி. ஸ்பிரிட்டைத் தடவி, அது காயும் முன்பே மொட்டை ஊசியால் ஒரு குத்து. இவர் போட்ட கூச்சலில் ஓடிய பிச்சுமணி, தன் குடையைக்கூட இன்னும் எடுக்க வரவில்லை. இரண்டாவதாக வந்தவர் கூச்சலைப் பற்றிக் கேள்விப்பட்டு வாசலோடு திரும்பினார். மூன்றாவதாக வந்தவள்தான் ஞானபாய்.

மார்த்தாண்டம் பக்கத்துக்காரி. முப்பத்தைந்து வயது, ஒல்லிக்குச்சி, வெள்ளைப் புடவை, வாயில் எப்போதும் ஏலக்காய். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்த்தவள். 'ஒரு ஊசிக்குப் பத்து நிமிஷமா?' என்று மேலே இருந்தவர்கள் திட்டித் திட்டி, போங்கடா என்று வந்துவிட்டாளாம். அந்தப் பத்து நிமிஷத்தை நான் தினம் பார்த்திருக்கிறேன். ஊசி முனையைப் பஞ்சில் இழுத்துப் பார்ப்பாள். ஒரு இழை மாட்டினாலும் போச்சு, வழவழப்பான கல்லில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மறுபடி தீட்டுவாள். புது ஊசி வந்தால் முதல் குத்து அவள் தொடைக்குத்தான். அதன்பிறகு கொதிநீரில் வேகவைத்துத்தான் மற்றவர்களுக்கு. கெடாமலிருக்க ஈர மணலுக்குள் வைத்திருந்த மருந்துக் குப்பியை உள்ளங்கையில் பொத்திச் சூடாக்குவாள். இன்றைக்கு வலத்தொடை என்றால் நாளைக்கு இடத்தொடை, மறுநாள் வயிறு. ஸ்பிரிட் காயும்வரை தொடமாட்டாள்.

அது காயும் நேரத்தில்தான் அவள் வேலையைக் காட்டுவாள்.

"அண்ணாச்சி, நேத்து உங்க கடைப் பெருங்காயம் வாங்கினேன். சாம்பாருல போட்டா மாவு கட்டி கட்டியா மிதக்குது. எதிர்க்கடைக்காரன் சரக்குதான் சரக்காக்கும்."

"என்னது? மாவா? எவன் சொன்னான்? எங்கப்பா காலத்துலேருந்து கலப்படம்னு ஒரு பய நாக்குமேல பல்லுப்போட்டுச் சொன்னதில்லை! அந்த எதிர்க்கடைக்காரன் இருக்கானே, அவன்..."

"ஆச்சு அண்ணாச்சி, வேட்டிய இறக்குங்க."

இவர் திருதிருவென்று விழிப்பார். குத்தியது எப்போது, எடுத்தது எப்போது, ஒன்றும் தெரியாது. நான் அடுக்களைக்குள் ஓடிப்போய்ச் சிரிப்பேன். விஷயம் இவருக்கும் இரண்டாம் நாளே புரிந்துவிட்டது. புரிந்து என்ன செய்ய, அவள் வாயைத் திறந்தால் இவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிடும். காலையில் குத்திவிட்டுப் போகிறவள், மற்ற வீடுகளை முடித்துக்கொண்டு பத்தரை மணிக்குப் புண்ணுக்குக் கட்டுப்போட வருவாள். சாயங்காலம் மறுபடி ஊசி, மறுபடி சண்டை. புண் ஓரத்தில் சிவப்பாகப் புதுத் தோல் வந்தது. பக்கத்து வீட்டு ஓமனா, "ஊசி குத்துற சத்தம் கேக்கலை, சண்டை சத்தந்தான் கேக்குது" என்பாள்.

அப்போதுதான் ஐப்பசியில் கந்த சஷ்டி வந்தது. இனி வருவது என் புத்திசாலித்தனம். ஆறு நாள் விரதம் இருந்தால் முருகன் புண்ணை முழுசாக ஆற்றிவிடுவான் என்று நான்தான் சொன்னேன். சாப்பாட்டைக் குறைக்கத்தானே டாக்டரும் சொன்னார்? ஊசியும் போட்டு, பட்டினியும் கிடந்தால் சர்க்கரை இரட்டை வேகத்தில் இறங்கும் என்று கணக்குப் போட்டேன். இவரும் தலையாட்டினார். ஞானபாய் வேதக்காரி, ஞாயிறானால் சர்ச்சுக்குப் போகிறவள், அவளிடம் விரதத்தைப் பற்றி என்ன சொல்வது என்று விட்டுவிட்டோம்.

முதல் நாள் காலை ஏழு மணிக்கு ஊசி ஆயிற்று. பச்சைத் தண்ணீர்கூட வாயில் படவில்லை. பத்தரைக்குக் கட்டுப்போட வந்த ஞானபாய், பழக்கதோஷத்தில் ஆரம்பித்தாள்.

"என்ன அண்ணாச்சி, உங்க பெருங்காயத்த எங்க வீட்டுப் பூனைகூட மோந்து பாக்கல்ல!"

இவர் சாந்தமாகச் சிரித்தார். "ஆமாம்மா. மட்டச் சரக்குதான்."

எனக்கு மெய் சிலிர்த்துவிட்டது. "பாத்தியா ஞானபாய்! ஒத்த நாள் விரதத்துல முருகன் அவாள் கோவத்த எடுத்துட்டான்!"

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. இவர் நெற்றியில் கைவைத்தாள். சில்லென்று வேர்த்திருந்தது. விரல்கள் நடுங்கின.

"எக்கா, ஊசி போட்ட பொறவு என்ன தின்னாரு?"

"ஒண்ணும் இல்லை. விரதமாக்கும்."

"ஐயோ பாவி! ஊசி போட்டுட்டுப் பட்டினி போட்டா ஆளு போயிருவாரு! சீனி கொண்டாங்க, ஓடுங்க!"

வீட்டில் சீனி ஏது? வியாதி என்று தெரிந்த அன்றே எல்லாவற்றையும் நான்தான் ஓமனா வீட்டுக்குத் தூக்கிக் கொடுத்திருந்தேன். பூஜை அறையில் முருகனுக்கு என்று ஓமனாவிடம் வெல்லம் வாங்கிப் பானகம் கரைத்து வைத்திருந்தது மட்டும் நினைவுக்கு வந்தது. இன்னும் நைவேத்தியம் ஆகவில்லை. அன்றைக்கு முருகன் காத்திருக்கட்டும் என்று செம்போடு தூக்கிக்கொண்டு வந்தேன். ஞானபாய் இவர் தலையைத் தன் தோளில் சாய்த்து, மடக்கு மடக்காகக் குடிக்க வைத்தாள். கால் மணி கழித்து இவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார்.

"ஏட்டி, விரதத்தன்னைக்கு எனக்கு எவ பானகம் தந்தது?"

அந்த அதட்டலைக் கேட்டு நான் கும்பிட்டேன். ஞானபாய் தரையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். "வலிக்காமக் குத்தணும்னு பாத்தேனே தவிர, தின்னீங்களான்னு ஒரு வார்த்த கேக்கல்லியே. கொல்லப் பாத்தேனே." நானும் அழுதேன். குற்றம் என்னுடையது என்று எவ்வளவோ சொன்னேன். அவள் காதில் ஏறவில்லை. ஊசிப் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

விரதத்தை அன்றோடு விட்டோம். அன்று சாயங்காலம் அவள் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. இனி தன்னால் யாரையும் குத்த முடியாது, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பால்காரர் ராஜையனிடம் சொல்லியனுப்பினாள். இவரோ வேறு ஒருவரையும் கிட்டே விடமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். இரண்டாம் நாள் ராத்திரி கட்டைப் பிரித்தேன். புதுத் தோல் வந்த இடம் கறுத்துக் கிடந்தது. இவரும் குனிந்து பார்த்தார்.

விடிந்ததும் தாமே குதிரை வண்டி பிடித்தார். "தூக்குவாளியில இட்டிலி எடுத்துக்கோ" என்றார். பேட்டையில் அவள் வாடகைக்கு இருந்த வீட்டு முன்னறையில் போய் உட்கார்ந்து, வேட்டியைத் தொடைவரை தூக்கினார்.

"குத்தும்மா. குத்தினதும் உன் கண்ணு முன்னால இட்டிலி தின்னுதேன்."

ஞானபாய் மாட்டேன் என்றாள். இவர் கால் விரலைக் காட்டினார். அவள் அதைப் பார்த்தாள், எழுந்துபோய் ஊசியை வேகவைத்தாள். பஞ்சில் இழுத்துப் பார்த்தாள், குப்பியைக் கையில் பொத்தினாள், ஸ்பிரிட் காயக் காத்திருந்தாள். சண்டைக்கு மட்டும் இழுக்கவில்லை. குத்தும்போது ஊசி கோணலாக இறங்கியது. இவர் தொடைச் சதை துடித்ததை நான் பார்த்தேன். இவர் கை என் மணிக்கட்டை இறுக்கிய இறுக்கில் இரண்டு வளையல் நொறுங்கின. ஊசி வெளியே வந்ததும் ரத்தம் பொட்டாக நின்றது.

"வலிச்சுட்டுதா அண்ணாச்சி?" அவள் முகம் வெளிறிவிட்டது.

இவர் கண் நிறையத் தண்ணீரோடு தூக்குவாளியைத் திறந்தார்.

"நீ குத்தி எனக்கு எப்பம்மா வலிச்சிருக்கு?" என்றார். "நாளைக்கு ஏழு மணிக்கு வந்துரு."