பட்டன் டயரும் சினை ஊசியும்

மாட்டுக்கு ஊசி போடுகிறவனுக்கு மாடு உதைப்பது ஒரு பொருட்டே இல்லை. அந்த உதையை வாங்க மாடு இருக்கிற இடத்துக்குப் போய்ச் சேர்வதுதான் பெரும்பாடு. வாரத்தில் இரண்டு நாள் சௌகரியத்துக்காக ஏழு நாளும் அவஸ்தைப்பட்ட அனுபவம் உங்களில் யாருக்காவது உண்டென்றால் பக்கத்தில் வந்து உட்காருங்கள். நாம் ஒருவரை ஒருவர் புரிந்துகொள்வோம்.

இடஒதுக்கீட்டுக்காகத் தென்னாற்காட்டில் போராட்டம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. நான் கள்ளக்குறிச்சியில் குடியிருந்து கால்நடை ஆய்வாளராக வேலை பார்த்தேன். ஜனங்கள் என்னை டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். உண்மையான டாக்டர் பக்கத்தில் இருந்தால் மட்டும் மறுத்துச் சொல்வேன். செவ்வாயும் வெள்ளியும் கல்வராயன் மலை, மற்ற நாட்களில் உளுந்தூர்பேட்டைப் பக்கத்துக் கிராமங்கள். இரண்டு ஆள் பார்க்க வேண்டிய வேலை. அந்த இரண்டாவது ஆளின் நாற்காலி, நான் சேர்ந்த நாளிலிருந்தே காலிதான்.

செம்மண் தந்த யோசனை

மலையில் அப்போது ஊருக்கு ஊர் மண் பாதைதான். ஒரு மழை பெய்தால் போதும், செம்மண் வெண்ணெயாகிவிடும். பால்காரர்கள் கேன் கட்டி ஓட்டுவார்களே, அந்த மாதிரி கனத்த மோட்டார் சைக்கிள் ஒன்று வைத்திருந்தேன். ஒரே வெள்ளிக்கிழமையில் அது என்னை மூன்று முறை கீழே போட்டது. மூன்றாவது தடவை தடுப்பூசி வைத்திருந்த ஐஸ் பெட்டி உருண்டு போய் ஒரு மரவள்ளித் தோட்டத்தில் நின்றது. அதைத் தேடி எடுத்துக்கொண்டு வரும்போதே முடிவு செய்துவிட்டேன், டயரை மாற்றியாக வேண்டும் என்று.

கள்ளக்குறிச்சியில் தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டித் தருகிற பாய் ஒருவர் இருந்தார். டயரின் மேல் கட்டி கட்டியாக இருக்கிற ரப்பருக்கு எங்கள் பக்கத்தில் பட்டன் என்று பெயர். மலை ஏறுகிற பட்டன் வேண்டும் என்றேன். அவர் தடிமனாக ரப்பர் ஒட்டி, டிராக்டர் டயரைப் பார்த்துப் பார்த்து ஆழமாக வெட்டிக் கொடுத்தார். ஒவ்வொரு பட்டனும் ஒரு கொட்டைப்பாக்கு அளவு. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பாய் மட்டும் கத்தியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "மலைக்கு ரெண்டு நாளு, சரி சார். மிச்ச நாளு தார் ரோட்ல இன்னா பண்ணப்போறீங்க?"

லாரி வருகிறது

அதற்கு விடை மறுநாள் காலையே கிடைத்தது. தார் ரோட்டில் வேகம் பிடித்ததும் அடியிலிருந்து 'ஊ...ங்' என்று ஒரு சத்தம் கிளம்பியது. வேகம் கூடினால் சத்தமும் கூடியது. பஸ் ஸ்டாண்டு பக்கம் போனபோது ரோட்டில் நின்ற கூட்டம் தானாக ஓரம் ஒதுங்கியது. கரும்பு லாரியை எதிர்பார்த்து ஒதுங்கியவர்கள் ஒல்லியாக ஒரு மனுஷன் மோட்டார் சைக்கிளில் வருவதைக் கண்டு ஏமாந்து போனார்கள். டீக்கடையில் ஒருவர் எனக்குப் பின்னால் லாரி வருகிறதா என்று எட்டியே பார்த்தார்.

ஆஸ்பத்திரியில் எங்கள் கம்பவுண்டர் கோவிந்தன் வாசலிலேயே நின்றிருந்தார். நான் தாமதமாக வருகிற நாட்களில் என் கையெழுத்து நோட்டைப் பத்திரமாக மறைத்து வைக்கிற நல்ல மனிதர். வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இனிமே கவலையில்ல சார். நீங்க வூட்ல கெளம்பும்போதே இங்க கேட்டுடும். நான் நோட்டை எடுத்து வெச்சிடறேன்."

மாடு கண்டுபிடித்தது

ஒரு மாதத்தில் அந்தச் சத்தமே எனக்கு விலாசமாகிவிட்டது. முன்பெல்லாம் ஒவ்வொரு ஊரிலும் மணியடித்துச் சொல்ல வேண்டும், மாடு மேய்ச்சலுக்குப் போயிருக்கும், ஆள் வயலில் இருப்பார். இப்போது தூரத்தில் ஊங்காரம் கேட்டதுமே ஜனங்கள் மாட்டை ஓட்டி வந்து ரோட்டோரப் புளியமரத்தில் கட்டிவிடுவார்கள். நான் போய் இறங்கும்போது மாடும் தயார், கை கழுவத் தண்ணீரும் தயார். பட்டன் டயரால் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் இதுதான்.

களமருதூரில் சரோஜா என்று ஒரு அம்மாள். அவளும் கணவன் ஏழுமலையும் கூலி வேலைக்குப் போகிறவர்கள். நிலம் கிடையாது, இருப்பது ஒரே ஒரு பசுமாடு. அந்த மாட்டைச் சாணி வாடையே இல்லாமல் வைத்திருப்பாள். ஒருநாள் நான் போனபோது மாட்டைக் கட்டி வைக்கவில்லையே என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னாள்: "எனக்கு முன்னாடியே அதுக்குக் கேட்டுடுச்சிங்க. உங்க வண்டி ஏரிக்கரையாண்ட வரும்போதே கொட்டாய் மூலையில போய் நின்னுக்கினு வரமாட்டேங்குது."

குலுக்கலின் பலன்

இடுப்புச் சமாசாரத்தை நான் சொல்லத் தேவையில்லை, நீங்களும் அனுபவித்திருப்பீர்கள். தார் ரோட்டில் ஒவ்வொரு பட்டனும் தனித்தனியாக வந்து முதுகெலும்பில் ஆஜர் கொடுக்கும். கைப்பிடியை விட்ட பிறகும் அரைமணி நேரம் கை நடுங்கும். அந்தக் கையோடுதான் ஊசி போட வேண்டும்.

ஒரு பெரிய விவசாயி வீட்டில் நான் சினை ஊசி போட்ட மாடு கன்று ஈன்றிருந்தது. கன்றைப் பார்க்கக் கூப்பிட்டனுப்பினார். காபியாவது கிடைக்கும் என்று போனேன். அவர் கன்றின் வாலைத் தூக்கிக் காட்டினார். காளைக்கன்று. அவர் எதிர்பார்த்தது கிடேரி. அது யார் கையிலும் இல்லை என்று நான் விளக்கம் சொன்னேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்: "உங்களுக்கு முன்னாடி இருந்தவரு சைக்கிள்ல அலுங்காம வந்தாரு, ரெண்டு கிடேரி பொறந்துது. நீங்க இந்த டயர்ல மருந்தைக் குலுக்கிக்கினு வர்றீங்க. அப்புறம் வேற இன்னா பொறக்கும்?"

சறுக்கல்

மழை பெய்து நின்ற ஒரு சாயங்காலம், உளுந்தூர்பேட்டை கூட்டு ரோடு. என் மனைவி பின்னால் உட்கார்ந்திருந்தாள். நான் பிரேக்கைத் தொட்டேன், அவ்வளவுதான். சேற்றைக் கவ்விப் பிடிக்கிற அதே பட்டன்கள் ஈரத் தாரில் எண்ணெய் தடவின மாதிரி வழுக்கின. வண்டி பக்கவாட்டில் நகர்ந்து ஒரு சாப்பாட்டுக் கடையின் கை கழுவுகிற தொட்டியில் சாய்ந்து நின்றது. அடி ஒன்றும் இல்லை. கை கழுவிக்கொண்டிருந்த லாரி டிரைவர் நகர்ந்து இடம் கொடுத்து, எங்களையும் கழுவிக்கொள்ளச் சொன்னார்.

என் மனைவி அங்கிருந்து பஸ் ஏறிவிட்டாள். எனக்கு முன்பே வீடு சேர்ந்தும்விட்டாள். இரவு இடுப்புக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "நீங்க ஊசி போடற மாடுங்களே தேவலை. அதுங்களுக்கு ஒரு எடத்துலதான் வலி."

மலையாவது ஒத்துழைத்ததா

சரி, மலையிலாவது டயருக்கு வேலை வந்ததா என்று கேட்பீர்கள். அந்த வருஷம் மலையில் மழை ஏய்த்துவிட்டது. செம்மண் காய்ந்து கல்லாகக் கிடந்தது. பட்டனுக்கு இடையில் சரளைக்கல் சிக்கிக்கொண்டு டக் டக் என்று அடிக்கும். இறங்கி இறங்கி ஆணியால் நோண்டி எடுப்பேன். ஒருமுறை நான் அப்படி நோண்டிக்கொண்டிருந்தபோது, பின்னால் ஆடு ஓட்டிக்கொண்டு வந்த பெரியவர் என்னைத் தாண்டிப் போனார். அடுத்த திருப்பத்தில் மறுபடி நோண்டிக்கொண்டிருந்தேன். அவர் திரும்பி வந்து கேட்டார்: "அந்த மருந்துப் பெட்டிய எங்கிட்ட குடுங்க. ஊர்ல வெச்சிட்டுப் போறேன், நீங்க மெதுவா வாங்க."

ஒரு ஞாயிற்றுக்கிழமை சுகம்

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பாய் கடைக்குப் போய்ச் சரணடைந்தேன். சாதாரண டயர் இரண்டைப் போட்டுக் கொடுத்தார். பட்டன் டயர்களைத் தூக்கிப் போடப் போனேன், அவர் விடவில்லை. தன் கையால் வெட்டிய சாமான் என்று பரணில் ஏற்றிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மனைவியை உட்கார வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். வண்டி வழுக்கிக்கொண்டு போயிற்று. பல மாதங்களுக்குப் பிறகு குருவி கத்துவது என் காதில் விழுந்தது. மனைவி தோளில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்: "இதுதாங்க மனுசன் ஓட்டற வண்டி."

அந்தச் சந்தோஷத்தில் ஒன்றை மறந்துவிட்டேன். அதற்கு நாலு நாள் முன்னால் சரோஜாவின் மாட்டைப் பார்த்திருந்தேன். தலைச்சன் கன்று. மடி இறங்கிவிட்டது, ஒரு வாரம்கூடத் தாங்காது என்று இருந்தது. ஏழுமலை கரும்பு வெட்ட வெளியூர் போயிருந்தான். அவளைத் தனியாக எங்கும் ஓட வேண்டாம் என்று சொல்லி, நானே ஒரு ஏற்பாடும் செய்து கொடுத்துவிட்டு வந்திருந்தேன். வலி எடுத்தால் மாட்டை விட்டு நகராதே, காலையில் எப்படியும் இந்த வழியாகத்தான் போவேன், என் வண்டிச் சத்தம் கேட்டதும் ரோட்டுக்கு வந்து மறித்துவிடு என்றேன். அவள் தலையாட்டினாள்.

மறியல்

திங்கட்கிழமை மறியல். பஸ் கிடையாது, பெரிய ரோட்டில் வண்டி எதுவும் ஓடவில்லை. பக்கத்து ஊரில் தடுப்பூசிக்கு ஏற்பாடு ஆகியிருந்தது, ஐஸ் கரைந்தால் மருந்து வீண். ஊர்களுக்கு உள்ளே போகிற ரோட்டில் போய்விடலாம் என்று கிளம்பினேன். எந்த ஊரிலும் புளியமரத்தடியில் ஒரு மாடும் கட்டியிருக்கவில்லை. மறியலுக்குப் பயந்து உள்ளே கட்டிவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். களமருதூரையும் அப்படியே தாண்டினேன். சத்தியமாகச் சொல்கிறேன், பாட்டுகூடப் பாடிக்கொண்டுதான் போனேன்.

இரண்டு மைல் தள்ளி ரோட்டின் குறுக்கே ஒரு வேலமரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அரசாங்க ஆள் என்று திருப்பி அனுப்புவார்களோ என்று பயம்தான். மாட்டு டாக்டர் என்று தெரிந்ததும் நாலு பேர் எழுந்து, வண்டியை அப்படியே தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் வைத்தார்கள். நன்றி சொல்லிக் கிளம்பும்போது அதில் ஒருவன், சரோஜாவின் தெருக்காரன், கேட்டான்: "அக்கா வூட்டு மாடு விடிகாலையிலேருந்து முக்கிக்கினு கெடக்குதே, பாத்துட்டுதான சார் வர்றீங்க?"

நான் குனிந்து என் டயரைப் பார்த்தேன். என் முகத்தைப் பார்த்து அவர்களே புரிந்துகொண்டார்கள். வண்டியை மறுபடி தூக்கி இந்தப் பக்கம் வைத்தார்கள். அவ்வளவு வேகமாக நான் அதற்கு முன்னும் ஓட்டியதில்லை, பின்னும் ஓட்டியதில்லை.

கொட்டாயில் மாடு படுத்துவிட்டிருந்தது. சரோஜா அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கன்றின் ஒரு முன்னங்கால் உள்ளே மடங்கியிருந்தது. காலை நேராக்கி இழுக்க முக்கால் மணி ஆயிற்று. மாடு பிழைத்தது. கன்று மூச்சு விடவில்லை. வைக்கோலால் தேய்த்தேன், மூக்கில் ஊதினேன், காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினேன், ஒன்றும் நடக்கவில்லை. நல்ல கிடேரி. காலையில் நான் போனபோதே நின்றிருந்தால் பிழைத்திருக்கும். இதை அவளிடம் சொல்லவில்லை, சொல்லவும் தேவைப்படவில்லை. அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. கை கழுவத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "ரோட்லயேதாங்க காத வெச்சிக்கினு இருந்தேன். பஸ்ஸுகூட ஓடல, கேட்காம இருக்காதே."

பரணிலிருந்து

அன்று சாயங்காலமே பாய் கடைக்குப் போனேன். பரணிலிருந்து டயர்களை இறக்கித் தூசி தட்டி மாட்டிக் கொடுத்தார். விஷயத்தை என் மனைவியிடம் சொன்னேன். மறுநாளிலிருந்து இரண்டு தைலப் பாட்டில் வாங்கி வைக்க ஆரம்பித்தாள்.

அடுத்த வருஷம் அதே மாடு, அதே கொட்டாய். நான் ஏரிக்கரையைத் தொடும்போதே சரோஜா ரோட்டின் நட்டநடுவில் நின்று இரண்டு கையையும் நீட்டி மறித்தாள். ஓடிப்போய்ப் பார்த்தேன். கன்று ஏற்கெனவே பிறந்து, எழுந்து நின்று பால் குடித்துக்கொண்டிருந்தது. கிடேரி. என்னைக் கண்டதும் தாய் வழக்கம்போல மூலைக்குப் போயிற்று, கன்றும் அதன் பின்னாலேயே போயிற்று. பிறகு ஏன் அப்படி மறித்தாய் என்று கேட்டேன். "சத்தம் கேட்டா மறின்னு நீங்கதான சொன்னீங்க. போன வருசத்து மறியல் பாக்கி இருந்துதுங்க."

ஆகவே, என்னைப் போல் இடுப்பு நொந்த அன்பர்களே, அந்த மாதிரி டயரிலேயே மேலும் ஒன்பது வருஷம் ஓட்டி நான் கண்ட உண்மை, முதுகு வலிக்கு எந்தக் கடையிலும் தைலம் கிடைக்கும் என்பது மட்டும்தான்.