பிரேக்குக்குப் போகாத கால்

அரியலூரில் சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். சுரங்கத்துக்கும் சிமெண்ட் ஆலைக்குமாக நாளெல்லாம் ஓட்டம். கழுத்துவலி இல்லாத டிரைவர் எங்களில் கிடையாது. அதனால் நானும் அதைச் சட்டை செய்யவில்லை.

பிறகு விரல்கள் மக்கர் செய்தன. சட்டைப் பொத்தான் பிடிபடவில்லை. சோற்றைப் பிசைந்தால் வாய்க்குப் போவதற்குள் பாதி சிந்தியது. ஒரு மதியம் கடைக்குப் போய்விட்டுத் திரும்பினேன். வாசலில் நின்ற என் மனைவி காலையே பார்த்தாள்.

"இன்னொரு செருப்பு எங்கங்க?"

வலது கால் வெறுமையாக இருந்தது. கொதிக்கிற தார் ரோட்டில் நடந்து வந்திருக்கிறேன், சுட்டதே தெரியவில்லை. பார்க்கக் குனிந்தபோது கழுத்திலிருந்து கால்வரை கரண்ட் அடித்தது போல ஒரு வெட்டு.

"குடிச்சவரு மாதிரி தள்ளாடுறீங்க. ஆஸ்பத்திரிக்குப் போவலாம், வாங்க."

"சுளுக்குதான். ஞாயித்துக்கெழம ஒருத்தருகிட்ட எடுத்துக்கிட்டா சரியாப்பூடும்."

ஞாயிறு வருவதற்குள் அது நடந்தது. பெரம்பலூர் ரோட்டில் சுமையோடு போய்க்கொண்டிருந்தேன். முன்னால் டவுன் பஸ் நின்று ஆட்களை இறக்கியது. பிரேக்கை மிதித்தேன். மிதித்துக்கொண்டிருப்பதாகத்தான் நம்பினேன். வண்டி நிற்கவில்லை. கால் பிரேக்குக்குப் போகவே இல்லை. ஆக்சிலேட்டர் மேலேயே கிடந்தது. ஸ்டியரிங்கை ஒடித்தேன். லாரி கருவேலம் புதரில் இறங்கி நின்றது. பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு பெண், கை நீட்டினால் தொடும் தூரத்தில் அசையாமல் நின்று என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

திருச்சியில் ஸ்கேன் எடுத்தார்கள்.

"கழுத்தெலும்புக்கு நடுவுல இருக்குற ஜவ்வு பிதுங்கி, தண்டுவடத்த நசுக்குது. சுளுக்கு எடுக்கப் போயிருந்தீங்கன்னா கை, கால் ரெண்டும் மொத்தமாப் போயிருக்கலாம்" என்றார் டாக்டர்.

"ஆபரேஷன் பண்ணா பழையபடி ஆயிடுவனா சார்?"

"மேல மோசமாகாம தடுக்கலாம். போனதுல எவ்வளவு திரும்பும்னு சொல்ல முடியாது."

ஆபரேஷன் முடிந்தது. நடை மெல்ல மெல்லத் திரும்பியது. வலது கை விரல்கள் திரும்பவில்லை. இப்போது ஆலையின் எடைமேடையில் உட்கார்ந்து, மற்றவர்கள் ஓட்டிவரும் வண்டிகளை முன்னே, பின்னே போகச் சொல்கிறேன். ஆபரேஷன் செய்த இடத்துக்கு மேலே உள்ள ஜவ்வும் லேசாகப் பிதுங்கியிருக்கிறது, கவனமாக இருங்கள் என்று போன தடவை டாக்டர் சொன்னார்.

இன்று காலையில் எழுந்ததும் இடது கைச் சுண்டுவிரல் மரத்திருந்தது. உதறிப் பார்த்துக்கொண்டிருந்ததை மனைவி கவனித்துவிட்டாள்.

"கை மேல படுத்துட்டேன் போல" என்றேன்.

அவள் அடுப்பை அணைத்துவிட்டு, திருச்சிக்குக் கிளம்பப் புடவை மாற்றப் போனாள்.